திருப்பிப் போட்ட செயின்

மலையேறி வருகிற பஸ் மூச்சு வாங்கித் திரும்பி நிற்கிற ஊத்துக்கானலில், ஒரே கூரையை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு வீடுகள் உண்டு. மேற்கு வீட்டில் சீனியம்மா பழைய மரமறுக்கும் மெஷின்களை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தாள், கிழக்கு வீட்டில் அவளுடைய ஓரகத்தி குருவம்மா அந்த மெஷின்கள் போடுகிற சத்தம் காதிலேயே விழாதவள் போல இருந்துகொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மிஞ்சியவை பின்பக்கத்துத் துவைகல்லும் ஒரு பலாமரத்தின் அடிக்கட்டையும்தான். துவைகல் காலையில் குருவம்மாவுக்கு, மதியத்துக்கு மேல் சீனியம்மாவுக்கு என்று யாரும் பேசாமலே முடிவாகியிருந்தது. அடிக்கட்டையை இருவரும் தொடுவதில்லை.

காப்பித் தோட்டங்களிலிருந்தும் மிளகுக் காடுகளிலிருந்தும் சாக்கில் சுற்றி, ஜீப் மேல் கட்டி, சில சமயம் பிள்ளையைத் தூக்குவது மாதிரி இடுப்பில் இடுக்கி, இனி ஓடாது என்று ஊரே கைவிட்ட மெஷின்களைச் சீனியம்மாவிடம் கொண்டுவருவார்கள். அவள் பின்கட்டில் உட்கார்ந்து, பிளக்கைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கரியைத் தேய்ப்பாள், ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி முருங்கைக்கீரைக்குப் பக்கத்தில் காயவைப்பாள், செயின் ஓடுகிற இரும்புப் பட்டையின் காடியில் அப்பிக்கிடக்கும் தூளை ஊக்கால் நோண்டி எடுப்பாள். பட்டை ஒரே பக்கம் தேய்ந்துவிடாதபடி ஒவ்வொரு முறையும் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவாள். பிறகு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த, மஞ்சளோடிய ஒரு கட்டையில் பூட்டியிருந்த வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் அதைப் பிடிக்கவைத்து, உருட்டு அரத்தால் செயினைத் தீட்டுவாள். ஒரு பல்லுக்கு எத்தனை இழுப்போ எல்லாப் பல்லுக்கும் அத்தனை இழுப்பு. ஒரு பக்கத்துப் பல் குட்டையாகிவிட்டால் மெஷின் கோணிக்கொண்டு போகும், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற மாதிரிதான் இதுவும், பாரபட்சம் கூடாது என்பாள்.

இந்த வேலை அவள் கேட்டு வந்ததில்லை. அவள் புருஷன் வீரணன்தான் அந்த மலையிலேயே பேர்போன மரவெட்டி. அவன் மெஷின் தொடுவதை விட்ட பிறகும் பழக்கதோஷத்தில் ஆட்கள் மெஷினைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவன் தாண்டித் தாண்டி மிளகுக் குடோனுக்கு வேலைக்குப் போனான். வாசல் நிறைந்து உள்ளே வர வழியில்லாமல் போன ஒரு நாளில், அவனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே எல்லாம் பார்த்து வைத்திருந்த சீனியம்மா உட்கார்ந்து ஒன்றைக் கழற்றினாள். அது ஓடியது. அவ்வளவுதான்.

அவன் ஏன் விட்டான் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. காய்க்காத மரத்தை மிரட்டுவது ஊத்துக்கானலில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். கொழுந்தனோ மச்சானோ கோடாலியோடு வந்து, மரத்தின் காதில் விழுகிற மாதிரி, காய்க்காத மரம் எதற்கு, வெட்டிப் போடுகிறேன் என்று அதட்டி, பட்டையில் லேசாக ஒரு போடு போட வேண்டும். மரத்துக்குச் சொந்தக்காரி பின்னாலிருந்து ஓடிவந்து, வேண்டாம், வெட்டாதீங்க, வர்ற வருசம் காய்க்கும் என்று கெஞ்ச வேண்டும். சரி, நீ சொல்றதுக்காக விடுறேன் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட வேண்டும். தொடங்கியதிலிருந்து முடிகிறவரை வெட்ட வந்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் இதெல்லாம் நடிப்பு என்று மரத்துக்குத் தெரிந்துவிடும்.

பின்கட்டில் நின்ற பலா, குருவம்மாவின் புருஷன், வீரணனின் அண்ணன் மாயழகு அடிவாரத்திலிருந்து கன்றாகத் தோளில் சுமந்து வந்து வைத்தது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், மரம் வானத்துக்கு வளர்ந்து, இலை இலையாகக் கொட்டியதே தவிர ஒரு பிஞ்சு வைக்கவில்லை. அவர் வைத்தது வீணாகப் போயிற்று என்று நாலு பேர் சொல்லக் கூடாது, வந்து ஒரு அதட்டு அதட்டுங்க தம்பி என்று குருவம்மாதான் வீரணனைக் கூப்பிட்டாள். அவனும் ஆசையாகத்தான் போனான். ஆனால் கோடாலியோடு போகவில்லை. அப்போதுதான் புதிதாக ஒரு பெரிய மெஷினை வாங்கியிருந்தான், கோடாலிக்குப் பயப்படாத மரம் இதற்குப் பயப்படும் என்று நினைத்தான். அதட்டினான். மெஷினை ஓடவிடுகிற கயிற்றை இழுத்தான். மலையே அதிர்ந்தது. மரம் நம்ப வேண்டும் என்பதற்காக, நிஜமாக வெட்டும்போது மரம் சாய வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு மாதிரி எடுப்பார்களே, வாய்த்துண்டு என்பார்களே, அதை எடுத்துக் கீழே போட்டான். மதினியின் குரல் வரவில்லை. மிரட்டல் இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று பின்பக்கம் மெஷினை வைத்துக்கொண்டு காத்திருந்தான். குரல் வரவில்லை. திரும்பிப் பார்க்கவும் கூடாது. விரலளவு போயிருக்கும் என்று அவன் நினைத்தபோது புது மெஷின் முழங்கை ஆழம் போயிருந்தது.

குருவம்மா தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தாள். மெஷின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. மரம் விழுந்து புழுதி அடங்கியதும் அவள் சொன்னது ஒன்றுதான்: "கேட்டும் அறுத்துட்டீங்களே." சத்தியமாகக் கேட்கவில்லை மதினி என்று அவன் சாத்திய கதவிடம் எத்தனையோ நாள் சொன்னான். கதவு திறக்கவில்லை. ஒரு துரும்பு இங்கே கிடக்கக் கூடாது என்று அவள் ஆள்விட்டுச் சொன்னதால் மரத்தை ஊர்க்காரர்கள் பங்குபோட்டு எடுத்துக்கொண்டார்கள். வீரணன் மெஷினைச் சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றினான். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை, கூப்பிட்டால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை, என்னையா, என்னையா என்று கேட்பான். காது நன்றாகக் கேட்கிறவன் இப்படிக் கேட்கிறபோதெல்லாம், ஆமாம், உங்களைத்தான் என்று சீனியம்மா பக்கத்தில் போய் நின்று சொல்வாள்.

ஊருக்கும் இது பெரிய தொந்தரவாகத்தான் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எதுவானாலும் இந்த இரண்டு வீட்டையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க முடியாது. முதல் பந்தியில் யாரைக் கூப்பிடுவது என்று சமையல்காரனிலிருந்து பூசாரிவரை மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். ரசம் ஆறிப்போவது எப்போதும் இரண்டாம் பந்திக்குத்தான். ரசம் ஆறிப்போனதற்கு ஊத்துக்கானலில் உறவே முறிந்திருக்கிறது.

அப்படி இருக்கையில் பரணிலிருந்த சாக்கிலிருந்து பழைய ஆயில் கசிந்து சொட்டுச் சொட்டாகச் சீனியம்மாவின் சோற்றுப்பானை மூடியில் விழுந்தது. இதைத் தொடாதே என்று வீரணன் சொல்லியிருந்தான்தான். ஆனால் சோற்றில் ஆயில் விழுவதை எந்தப் பொம்பளை பார்த்துக்கொண்டிருப்பாள்? அவன் குடோனுக்குப் போனதும் இறக்கினாள். இறக்கியதும், உடம்பு சரியில்லாமல் கிடக்கிற ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவளுக்குக் கை வரவில்லை. கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் சவ்வு அப்பளமாகக் காய்ந்திருந்தது, மாற்றினாள். பெட்ரோல் குழாயை மாற்றினாள். புதுச் செயின் எடுத்தாள். செயினைப் பூட்டப் போகிற நேரத்தில் குருவம்மா கம்பளியை நனைக்கத் துவைகல்லுக்கு வந்து உட்கார்ந்தாள். அந்த மெஷினை அவள் கண்ணில் காட்ட வேண்டாம் என்று சீனியம்மா தான் எப்போதும் உட்காருகிற பக்கத்தை விட்டு, வைஸ் கட்டைக்கு மறுபக்கம் போய், அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இத்தனை வருடமும் ஒரு பக்கமாகவே செயின் மாட்டிப் பழகிய கை, ஆள் இடம் மாறியது தெரியாமல், அதே வாட்டத்தில் மாட்டிவிட்டது. பல்லெல்லாம் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன.

குருவம்மா எழுந்து போனதும் கயிற்றை இழுத்தாள். மெஷின் கத்தவில்லை. தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி ஓடியது. ரிப்பேர் பார்த்ததைச் சோதிப்பதற்காக அறுத்துப்போட்ட இரண்டு சில்வர் ஓக் மரத்துண்டுகள் காலடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேல்துண்டில் வைக்கப் போனபோது, தரையில் கிடந்த தூளெல்லாம் எழும்பி வந்து இடுக்கில் புகுந்துகொள்ள, இரண்டு துண்டும் ஒரே கட்டையாயின. கூடவே, அதை அறுத்த அன்று மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் போன பன் வண்டிக்காரனின் ஹாரன், பாம் பாம் என்று மெஷினுக்குள்ளிருந்து வந்தது. சீனியம்மா மெஷினை நிறுத்திச் செயினைப் பார்த்தாள். அட, திருப்பிப் போட்டிருக்கேன் என்று தலையில் தட்டிக்கொண்டு, கழற்றுவதற்கு ஸ்பானரை எடுத்தாள். எடுத்தவள் கழற்றவில்லை.

ஹாரன் சத்தம் கேட்டுப் பன் வாங்க ஓடிவந்தவர்கள் மூலம் விஷயம் பரவியது. டீக்கடை நாகு மறுநாளே, குட்டையாக அறுத்துத் தொலைத்த பெஞ்சுக் காலை, மிச்சத் துண்டோடு தூக்கி வந்தான். ஒட்டிக்கொடுத்தாள். ஏணியை உயரக் குறைவாக அறுத்தவர்கள், ஜன்னல் சட்டத்தைத் தப்பாக அளந்தவர்கள், கோபத்தில் கட்டிலைப் பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொன்றையும் ஒட்டும்போது அது அறுபட்ட நேரத்தில் அமுங்கிப்போன சத்தங்கள் வந்தன. ஒரு குயில், ஒரு தும்மல், கட்டிலுக்குள்ளிருந்து அவர்கள் அம்மாவின் குரல், "கூறு கெட்டவனுகளா, நிறுத்துங்கடா" என்றது. அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலைத் தூக்கிப் போனார்கள். பல வருடம் முன்பு விரலை மெஷினுக்குக் கொடுத்த ஒருவர்கூட வந்து நின்றார். துண்டு வேணுமே பெரியப்பா என்று சீனியம்மா கேட்டதும், அதைக் கோழி தூக்கிட்டுப் போச்சு என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

மர வியாபாரி ஒருவர் மட்டும், லாரியில் ஏற்றிய சரக்கெல்லாம் நாளைக்கு மறுபடி மரமாக நின்றால் என் பிழைப்பு என்ன ஆவது என்று சத்தம் போட்டார். வனக்காவலர் வந்து பார்த்தார். மரத்தை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும், வெட்டிய மரத்தை நிற்கவைப்பதற்கு வேண்டுமா வேண்டாமா என்று எங்கேயும் சொல்லவில்லை என்று வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, தன் வீட்டு நாற்காலிக் கால் ஒன்றைக் கொண்டுவரலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஒட்டக் கூடாது, காசு வாங்கக் கூடாது, அடுத்தவன் அறுத்ததை அவனைக் கேட்காமல் ஒட்டக் கூடாது என்று ஊரே கூடி வழக்கம் ஏற்படுத்தியது. இரண்டு வாரத்தில், இப்படி ஒரு மெஷின் இல்லாமல் மற்ற ஊர்க்காரர்கள் எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறார்களோ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சீனியம்மாவின் மனசு மட்டும் அடிக்கட்டையிலேயே இருந்தது. ஒரு நாள் டீக்கடைக்குப் போய், நாலு பேர் இருக்கும்போது கேட்டுவிட்டாள், அந்தப் பலாவை எனக்குத் திருப்பிக் கொடுங்க என்று. நாகு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். ஏனென்றால் அந்தப் பலா இப்போது ஊர் முழுக்க இருந்தது. நாகுவின் கல்லாப் பெட்டி அது. கருப்பசாமி கோயில் கதவு அது. பல வீடுகளில் ஊஞ்சல் பலகை, முறுக்குப் பலகை, அரிசிப் பெட்டி அது. எல்லாவற்றுக்கும் மேலாக வையாபுரியின் தவில் அது. தவிலில் ஊர் ஊராகப் பேர் வாங்கியவர் வையாபுரி, அவருக்குக் கோபம் வந்தால் நாட்கணக்கில் வாசிக்கமாட்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு எப்பவும் ரெண்டாம் பந்திதான். வாசிச்சு முடிச்சு வந்தா ரசம் பச்சைத் தண்ணி. இந்த ரெண்டு வீடும் சேர்ந்தா ஒரே பந்தியாகும். எடுத்துக்கம்மா" என்றார்.

அதற்குப் பிறகு யார் மறுப்பது? கதவைக் கழற்றிச் சுமந்து வந்தார்கள், கருப்பசாமிக்குச் சாக்குப் படுதா கட்டினார்கள். ஊஞ்சல்கள் இறங்கின. முறுக்குப் பலகைகளைப் பெண்கள் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார்கள். வையாபுரி தவிலின் தோலையும் வாரையும் தானே அவிழ்த்து, வெறும் கட்டையை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து, பார்க்காமல் கீழே வைத்தார். கிளைகள் விறகாகி எரிந்துவிட்டன, சாம்பலை ஒட்ட முடியாது, ஆனால் பலா அடிமரத்தில்தானே காய்க்கிறது, அடிமரம் நின்றால் போதும் என்று சீனியம்மா சொன்னாள். ஒட்ட ஒட்டத் தவிலின் பொந்து மரத்தூளால் நிறைந்தது, பலகைகள் பலகையோடு சேர்ந்தன, கீல் இருந்த தழும்பும் கல்லாப்பெட்டியின் எண்ணெய்ப் பிசுக்குமாகப் பின்கட்டில் ஒரு அடிமரம் நீளமாகப் படுத்திருந்தது. கிழக்கு வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. ஆனால் அதன் இடுக்கில் அவ்வப்போது வெளிச்சம் மறைந்து மறைந்து வந்தது.

அடிக்கட்டையோடு ஒட்ட வேண்டிய அன்று, மரம் விழுந்த வாட்டம் வீரணனுக்குத்தான் தெரியும் என்று குடோனிலிருந்து அவனை இழுத்துவந்தார்கள். தலையெல்லாம் மிளகுத் தூசியோடு வந்தவன் மெஷினைப் பார்த்துப் பின்வாங்கினான். சீனியம்மா அவன் கையைப் பிடித்தாள். "ஏங்க, நீங்க சாச்சதை நீங்கதான் நிமிர்த்தணும். பிடிங்க" என்றாள். அவன் பிடித்தான். ஊரே கயிறு கட்டி இழுத்து மரத்தை நிமிர்த்தியது. பின்பக்கம் ஒட்டியது. ஆனால் முன்பக்கம் வாய் திறந்தபடி இருந்தது. வாய்த்துண்டு இல்லை. மரம் மெதுவாக அந்தப் பக்கம் சாயத் தொடங்கியது, மரம் போன வெற்றிடத்தில் குருவம்மா அந்தப் பக்கம் அடுப்படிக் கூரை இறக்கியிருந்தாள். கயிற்றைப் பிடித்தவர்கள் குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு, வெளிய வாம்மா, வெளிய வாம்மா என்று கூப்பிட்டார்கள். வாய்த்துண்டு யாரிடம், யாரிடம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். யாரிடமும் இல்லை. வீரணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

சீனியம்மா அவனைப் பார்த்தாள். அப்புறம் தான் வேலைசெய்கிற இடத்தைப் பார்த்தாள். வைஸைத் தாங்கிய கட்டை, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, மஞ்சளோடி. அவன்தான் எப்போதோ ஒரு நாள் கொண்டுவந்து, வைஸுக்கு ஆகும் என்று போட்டான். எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பாவி மனுசன், ஊரெல்லாம் மரத்தைப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டபோது தன் பங்காக அதை எடுத்துவைத்திருக்கிறான், அதன் மேல் நான் இத்தனை காலம் அரம் போட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. துருப்பிடித்த போல்ட்டுகளை எந்த மெஷினையும் கழற்றாத வேகத்தில் கழற்றி, கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கிழக்கு வீட்டுக் கதவு திறந்திருந்தது. குருவம்மா படியில் நின்று, போல்ட் ஓட்டைகளும் இரும்புத்தூளுமாக இருந்த அந்தக் கட்டையையும் அதை வாங்குகிற வீரணனையும் பார்த்தாள். அவன் மரத்தின் வாயில் அதைப் பொருத்தினான். மெஷினின் கயிற்றை இழுத்தான். மெஷின் மூச்சு விட்டது, தூள் எழும்பி இடுக்குகளில் புகுந்தது, பிறகு இதுநாள்வரை அதற்குள்ளேயே கிடந்தது வெளியே வந்தது.

"வேண்டாம் தம்பி, வெட்டாதீங்க, வர்ற வருசம் காய்க்கும்." திரும்பவும், "வேண்டாம் தம்பி." பிறகும், குரல் உடைந்து, "தம்பி, போதும், நிறுத்துங்க, ஐயோ தம்பி."

வீரணன் அப்படியே நின்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் பிடரி துள்ளியது, பிறகு தோள்கள் குலுங்கின, வாய்விட்டு அழுதான். ஆனால் திரும்பவில்லை. மரத்தின் முன்னால் நிற்கிறான், திரும்பக் கூடாது. அவன் முகத்தைக் குருவம்மா பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தாள், முதன்முதலாக ஒரு சத்தத்தைக் கேட்கிறவனின் முதுகு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அது போதும். இந்த மனுசன் அன்றைக்குக் கேட்கவே இல்லை என்று தெரிந்ததும், இத்தனை வருடம் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் இறங்க, அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மெஷின் தானாக நின்றது. வீரணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரத்தின் காதில் விழுகிற மாதிரிச் சொன்னான்: "சரி மதினி. நீங்க சொல்றதுக்காக விடுறேன்."

வழக்கப்படி பின்னால் பார்க்காமல் நடக்கத் தொடங்கினான். ஊரே கயிற்றை விட்டது. மரம் நின்றது.

"தம்பி" என்றாள் குருவம்மா. அவன், என்னையா என்று கேட்கவில்லை. நின்றான். "சீனியையும் கூட்டிட்டு வாங்க. ரசம் சூடா இருக்கு."

மறுநாள் சீனியம்மா செயினைக் கழற்றிச் சரியான வாட்டத்தில் மாட்டினாள், ஊருக்கு விறகு வேண்டாமா என்று யாரும் கேட்காமலே. அது பழையபடி மலை அதிரக் கத்தியது. வையாபுரிக்கு வேறு பலாக் கட்டை தேடி வீரணனே அடிவாரத்துக்குப் போய்வந்தான். வைஸ் பூட்டத்தான் கட்டை இல்லை, துவைகல்லின் ஓரத்தில் பூட்டிக்கோ, துணியை ரெண்டு பேரும் சேர்ந்தே துவைச்சுக்கலாம் என்று குருவம்மா சொல்லிவிட்டாள். அடுத்த வருடம் பலா காய்த்தது. முதல் பிஞ்சு வாய்த்துண்டில், வைஸின் போல்ட் இறங்கியிருந்த ஓட்டையிலிருந்து வந்தது, அதைப் பார்க்க ஊரே ஒரே வரிசையில் நின்றது.